மெர்லினின் இடது கண்

மெர்லினின் இடது கண்ணில் இருந்த சிலிக்கான் குழாயைப் போன மாதம் எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் என்னைப் பிடித்து நிறுத்தி, பிள்ளையின் கண்ணுக்கு என்ன செய்தீர்கள், எங்கே போனீர்கள் என்று கேட்கிறார்கள். ஒருத்தியின் கையில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அதன் கண்ணோரத்தில் பீளை. கோயில் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். கண்ணைப் பற்றி மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத, மற்றதை விட்டுவிட்டு இதை மட்டும் சொல்ல வரவில்லை.

முதலில் கண். நமக்குக் கண்ணீர் எந்நேரமும் ஊறிக்கொண்டே இருக்கிறது, அழும்போது மட்டும் அல்ல. அந்த நீரால்தான் இமைகள் கண்ணை நனைத்துத் துடைக்கின்றன. ஊறிய நீர் வெளியேற, மூக்கை ஒட்டிய கண் முனையில், மேல் இமையில் ஒன்றும் கீழ் இமையில் ஒன்றுமாக ஊசியால் குத்தியது போல இரண்டு துளைகள் உண்டு. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் எலும்பின் வழியாக இறங்கி மூக்குக்குள் திறக்கும். அழுதால் மூக்கும் ஒழுகுவது இதனால்தான். சில குழந்தைகள் பிறக்கும்போது அந்தக் குழாயின் அடிமுனை ஒரு சவ்வினால் மூடியிருக்கும். நீர் இறங்க வழியில்லாமல் கன்னத்தில் வழியும். தேங்கிய நீரில் கிருமி சேர்ந்து பீளை கட்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் அந்தச் சவ்வு தானாகத் திறந்துகொள்ளும்.

மெர்லினுக்குத் திறக்கவில்லை. அவளுக்கு அது திறக்காமல் போகலாம் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

எங்கள் ஊர் குளச்சலுக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி இருக்கிறது. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போவார். அம்மா ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தில் வைத்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்பாள். அந்த மீன்தான் என்னைப் படிக்க வைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன ஒரே ஆளும் நான்தான். கணிதத்தில் பட்டம் வாங்கி ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆசிரியை ஆனேன். தெருவில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எனும் வேதபாட வகுப்பு நடத்துவதும் நான்தான். எனக்கு இதிலெல்லாம் பெருமை உண்டு, இப்போதும் உண்டு. அம்மா மீன் விற்கப் போகும் வீடுகளில், "எனக்க மவ டீச்சராக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் சருவத்தை இறக்குவாள்.

மெர்லின் அறுவை செய்து எடுக்கப்பட்ட குழந்தை. நான் மயக்கம் தெளிந்து பார்த்தபோது அவள் பக்கத்தில் இல்லை. மஞ்சள் காமாலை இருக்கிறது, வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். என் கணவர் ராபின் வந்து கட்டிலோரம் நின்றார். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் கன்னியாஸ்திரி ஒருவர் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

எங்களில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்பது வீட்டுக்கு வந்த பிறகு, கோயிலில், ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் நிற்க, சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டு நடக்கும் காரியம். பிழைக்காது என்று பயப்படுகிற பிள்ளைக்கு மட்டும்தான் ஆஸ்பத்திரியிலேயே தண்ணீர் ஊற்றுவார்கள். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். இதை நானே வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"என்னத்துக்கு இம்புட்டு அவசரம்?" என்று கேட்டேன். ராபின் பக்கத்தில் நின்ற என் அம்மாவைப் பார்த்தார்.

"அவனுக்கு மஸ்கட்டு விசா வரப்போவு. போறதுக்கு முன்ன பிள்ளைக்கு ஒரு பேரு வச்சிட்டுப் போகண்டாமா?" என்றாள் அம்மா. "நீ தையலப் பாத்துக் கெட."

சில வாரம் கழித்து ஊர்க் கோயிலில் மீதிச் சடங்கு நடந்தது. எண்ணெய் பூசினார்கள், வெள்ளைத் துணி போர்த்தினார்கள், மெழுகுதிரி கொளுத்தினார்கள். தண்ணீர் ஊற்றவில்லை. ஒருமுறை ஊற்றினால் மறுபடி ஊற்றக் கூடாது. சுற்றி நின்ற பெண்கள் யாரும் ஏன் ஊற்றவில்லை என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரித் தண்ணீருக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் கடற்கரையில் தெரியாத பெண் கிடையாது. என்னைப் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்த்தார்கள், கேக்கை வாங்கிக்கொண்டு போனார்கள். விசாதான் காரணம் என்று நம்பிக்கொண்டு நான் அங்கே சிரித்தபடி நின்றேன்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பிள்ளையைத் தூக்கினால் நனைந்த துணி போலத் தொய்ந்தாள். பால் குடிக்க வெகுநேரம் ஆனது. கண்கள் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன, நாக்கு அடிக்கடி வெளியே வந்தது. நான் கேட்டேன். பலமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் பதில் தயாராக இருந்தது. "ராபினுக்க மாமிக்கும் இப்பிடித்தான் சின்னக் கண்ணு." "நீயும் ஒண்ணரை வயசுலதான் நடந்த." "பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்லட்டி. ஒனக்குத்தான் படிச்சுப் படிச்சு எல்லாத்திலயும் சந்தேகம்." பெற்ற தாய் இப்படிச் சொன்னால் யார் நம்பாமல் இருப்பார்கள்?

கண் பிறந்த மாதத்திலேயே வழிய ஆரம்பித்தது. இடது கண் மட்டும். காலையில் இமைகள் ஒட்டிக் கிடக்கும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, உள் முனையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தால்தான் திறக்கும். தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டால் சரியாகும் என்று தெருவில் சொன்னார்கள், அம்மாவும் சொன்னாள். விடாதீர்கள். பாலில் கிருமி நன்றாக வளரும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

நாகர்கோவிலில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். எங்கள் முறை வந்தபோது அம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டு, "எனக்குத் தொண்ட காயுவு மக்ளே, ஒரு சோடா வாங்கீற்று வா" என்றாள். நான் திரும்பி வந்தபோது அவர்கள் உள்ளே போயிருந்தார்கள். டாக்டர் அன்பாகப் பேசினார். ஆனால் என்னைப் பார்த்துப் பேசவில்லை, பிள்ளையின் கண்ணைப் பார்த்தே பேசினார். நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுண்டு விரலைக் கண்ணின் உள் முனையில், மூக்கெலும்பை ஒட்டி வைத்து, மெதுவாக அழுத்திக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். தேங்கிய நீரின் அழுத்தத்திலேயே சவ்வு திறந்துகொள்ளலாம். திறக்காவிட்டால் ஒரு வயதுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். அவரிடம் அம்மா உள்ளே என்ன கேட்டுக்கொண்டாள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

நான் ஒரு நாளும் தவறவிடவில்லை. பள்ளிக்குப் போகும் முன், வந்த பின், தூங்க வைக்கும்போது என்று அழுத்திவிட்டேன். கண் வழிந்துகொண்டே இருந்தது. பார்ப்பவர்கள் எல்லோரும் "பிள்ள ஏன் அழுவு?" என்று கேட்பார்கள். "அழல்ல, கண்ணு ஒழுகுவு" என்பேன். சிரித்துக்கொண்டே கன்னத்தை நனைக்கிற பிள்ளை. எது அழுகை, எது ஒழுக்கு என்று சில நேரம் எனக்கே தெரியாது.

ஒரு வயது கடந்த பிறகு ஒருநாள் காய்ச்சல் வந்தது. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே பட்டாணி அளவுக்குச் சிவந்து வீங்கியது. தொட்டால் வீறிட்டாள். நீர் தேங்கும் பையில் சீழ் பிடித்துவிட்டது என்றார்கள். நாகர்கோவில் டாக்டரே திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். நானும் அம்மாவும் பிள்ளையுமாக மார்த்தாண்டம் போய்ப் பஸ் மாறிப் போனோம்.

அங்கே சேர்த்து, ஊசி மருந்து போட்டுச் சீழை வற்ற வைத்தார்கள். வீக்கம் இறங்கிய பிறகு ஒரு சோதனை செய்தார்கள். மஞ்சள் சாயம் தடவிய சிறு காகிதத் துண்டைக் கண்ணில் தொட்டு எடுப்பார்கள். குழாய் திறந்திருந்தால் சற்று நேரத்தில் சாயம் மூக்கு வழியே இறங்கிக் கண் வெளுத்துவிடும். மெர்லினின் வலது கண் வெளுத்தது. இடது கண்ணில் சாயம் அப்படியே நின்று, நீல விளக்கின் கீழ் பச்சையாக ஒளிர்ந்து, கன்னத்தில் வழிந்தது.

டாக்டர் பெண். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். மலையாளம் தோய்ந்த தமிழ்.

"அறுவை செய்யணும்" என்றார். "சாதாரணப் பிள்ளைங்களுக்கு மேலிருந்து மெல்லிய கம்பி விட்டாலே சவ்வு திறக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைங்களுக்கு அதுமட்டும் போதாம வரலாம். மூக்கெலும்புப் பக்கம் சின்னதா இருக்கும், குழாயே மொத்தமா குறுகலா இருக்கும். அதனால சிலிக்கான் டியூப் வைக்க வேண்டி வரலாம். மயக்க மருந்து கொடுக்கணும். ஹார்ட்டுக்கு எக்கோ எடுத்திருக்கீங்களா?"

அவர் வேறு யாருடைய பிள்ளையைப் பற்றியோ பேசுகிறார் என்று நினைத்தேன். பொதுவாக எல்லோருக்கும் சொல்கிற தகவல் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். "இல்ல டாக்டர், எக்கோ எடுக்கல" என்றேன்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எடுத்தது. பெறந்த அன்னைக்கு எடுத்தது. நெஞ்சுல சின்ன ஓட்ட உண்டுன்னு சொன்னாவ."

நான் திரும்பினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "மயக்க மருந்து குடுக்கதுக்கு முன்ன அதப் பாக்கணும் டாக்டரே."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். "அம்மாவுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அம்மா என்று அவர் சொன்னது என்னை.

நம் உடம்பில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். இருபத்தொன்றாவது ஜோடியில் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருந்தால் அது டவுன் சிண்ட்ரோம். நோய் அல்ல, தொற்றாது, யாருடைய தவறும் அல்ல. பிள்ளை மெதுவாக வளரும், மெதுவாகக் கற்கும், ஆனால் கற்கும். இதயம், தைராய்டு, காது, கண் எல்லாவற்றையும் கூடுதல் கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும். சில மாதங்களிலேயே உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் தொடங்கினால் நல்லது. இதெல்லாம் அன்று அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னது. முதல் இரண்டு வரியும் எனக்கு ஏற்கெனவே தெரியும். பிளஸ் டூவில் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. பிள்ளை என் தோளில் தூங்கியிருந்தாள். நான் உட்காரவில்லை.

"ஒனக்கு வயித்தக் கீறிக் கெடந்துது" என்றாள் அம்மா. "டாக்டரு என்னையும் ராபினையும் வெளிய கூப்பிட்டுச் சொன்னாரு. பிள்ள ரெண்டு நாள் தாண்டட்டும், பெறவு தாய்க்குச் சொல்லுங்கன்னுதான் சொன்னாரு. நான்தான் சொல்லண்டாம்னு சொன்னேன். ராபின் மேல கோவப்படாத."

"எதுக்குச் சொல்லண்டாம்?"

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள்.

"கேக்கேன் இல்லியா. எதுக்கு?"

"நீ படிச்சவ."

"படிச்சவட்டதானே சொல்லணும்?"

"படிச்சவ புஸ்தகத்தத் தேடிப் பாப்பா. இது இன்னதுன்னு கண்டுபிடிப்பா. பாத்த பெறவு பால் குடுக்க மாட்டான்னு பயந்தேன். நான் ஒண்ணும் அறியாதவ. எனக்குப் பிள்ளன்னா பிள்ளதான். ஒனக்கு..." என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு என்ன? அதை அவள் முடிக்கவில்லை, நானும் முடிக்கச் சொல்லவில்லை. நான் பலவீனமாக இருந்தேன், தாங்கமாட்டேன் என்று மறைத்திருந்தால் அது இரக்கம். இது வேறு. என் படிப்பு என்னைப் பிள்ளையைத் தள்ளிவிடுகிற பெண்ணாக்கிவிட்டது என்று என் தாய் நினைத்திருக்கிறாள். வெயிலில் நடந்து மீன் விற்று எனக்கு வாங்கிக் கொடுத்த படிப்பு அது. கடைசியில் அவளே அதைக் கண்டு பயந்து, என்னிடமிருந்து என் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறாள்.

"ஊருல யாருக்கெல்லாம் தெரியும்?"

"நான் யாருட்டயும் சொல்லல்ல."

"தெரியுமா, தெரியாதா?"

"பிள்ளையப் பாத்தாத் தெரியுமாம்" என்றாள் அம்மா மெதுவாக. "ஆஸ்பத்திரில தண்ணி ஊத்துனதும் எல்லாருக்கும் தெரியும். ஒன்கிட்டக் கேக்கக் கூடாதுன்னு நான் சொல்லி வச்சேன். நாகர்கோவில் டாக்டருட்டயும் சொல்லண்டாம்னு கேட்டுக்கிட்டேன்."

அப்படியானால் தெருக் குழாயடியில் தண்ணீர் பிடிக்க நான் போனதும் பெண்களின் பேச்சு நின்றது அதற்காக. என்னிடம் வங்கிக் காகிதம் நிரப்ப வந்து உட்கார்ந்தவர்கள், என் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போனவர்கள், எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

ராபினுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். திரும்ப அழைத்தார். மஸ்கட்டில் அவர் மீன் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறார். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

"டாக்டர் சொல்லிட்டாங்க" என்றேன்.

சத்தம் குறைந்தது. எங்கேயோ தள்ளிப் போய் நின்றிருக்க வேண்டும். "ஷைனி," என்றார், "லீவுல வரும்போ சொல்லலாம்னுதான்."

"லீவுல வந்து?"

"நேருல சொல்லலாம்னு."

"நேருலதானே இருந்தீங்க. ரெண்டு மாசம். அப்பம் சொல்லல்லியே."

நான் விடவில்லை.

"விசா எப்பம் வந்துது? உள்ளதச் சொல்லுங்க. ஞானஸ்நானத்துக்கு முன்னயா, பொறவா?"

"பொறவுதான்" என்றார். "நானேதான் ஏஜன்டுகிட்டப் போய்க் கேட்டேன். வீட்டுல இருந்தா ஒன் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லணும். என்னால முடியல்ல."

பொய் சொல்ல முடியாமல் ஒரு மனிதர் கடல் தாண்டிப் போயிருக்கிறார். உண்மையைச் சொல்லலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. நான் போனை வைத்தேன். அன்று அவர் திரும்பத் திரும்ப அழைத்தார். நான் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் மற்றத் தாய்மார்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்குக் கண்ணில் ஒரு சிறிய அறுவை என்றாலும், மயக்க மருந்து சிறிய விஷயம் அல்ல. முதலில் இதயம். நகரத்திலேயே வேறொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எக்கோ எடுத்தார்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பார்ப்பார்களே, அதேபோல ஒலியை அனுப்பி இதயத்தைத் திரையில் பார்க்கும் சோதனை, வலி கிடையாது. நெஞ்சில் களிம்பைத் தடவியதும் மெர்லின் சிரித்தாள். அந்த அறையில் அவள் மட்டும்தான் சிரித்தாள். ஓட்டை தானாகவே மூடிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, அப்படி ஒன்று இருந்ததே எனக்கு அந்த வாரம்தான் தெரியும் என்று அவரிடம் சொல்லத் தோன்றியது. அது மூடாமல் இருந்து, நாகர்கோவிலிலேயே யாராவது கம்பி விட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்து, அன்று அம்மா கூட வராமல் இருந்திருந்தால், நான் "ஒன்றும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பிறகு தைராய்டுக்கு இரத்தம் எடுத்தார்கள். குறைவாக இருந்தது, மாத்திரை தொடங்கினார்கள், அதற்காக அறுவை தள்ளிப்போனது. மயக்க மருந்து டாக்டர் தனியாகப் பார்த்தார். இந்தப் பிள்ளைகளுக்குக் கழுத்தெலும்பின் இணைப்பு தளர்வாக இருக்கலாம், அதனால் கழுத்தை அதிகம் வளைக்காமல் கையாள வேண்டும், மூச்சுக்குழாயும் சிறியது என்று விளக்கினார். நான் எல்லாவற்றையும் கேட்டேன். ஒன்றை இரண்டு முறை கேட்டேன். அவர் அலுத்துக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில் அம்மாவும் நானும் ஒரே வார்டில், ஒரே கட்டிலைச் சுற்றி இருந்தோம். நான் அவளோடு பேசவில்லை. அவள் விடியலில் எழுந்து, கீழே கான்டீனில் வெந்நீர் வாங்கி, பிள்ளையைத் துடைத்து, எனக்குக் கஞ்சியும் பயறும் வாங்கி மூடி வைப்பாள். நான் பள்ளிக்கு விடுப்பு நீட்டிக்கச் சொல்ல வெளியே போனால், திரும்பி வரும்போது என் சேலை துவைத்துக் காய்ந்துகொண்டிருக்கும். பில் கட்ட வேண்டிய நாளில் அவள் காதில் கம்மல் இல்லை. நான் பார்த்தேன், கேட்கவில்லை. எங்களுக்குள் பேச வேண்டியதெல்லாம் பிள்ளை வழியாகத்தான் போனது.

"மெர்லினே, அம்மைட்ட கஞ்சி ஆறுவுன்னு சொல்லு."

"மெர்லினே, பசிக்கல்லன்னு சொல்லு."

பக்கத்துக் கட்டிலில் மகனின் மாறுகண்ணுக்காகக் கோட்டாற்றிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் தாங்காமல், "பேச்சே வராத பிள்ளைய வச்சு ரெண்டு பேரும் இப்பிடிப் பஞ்சாயத்துப் பண்ணுதிய. அவ பேசத் தொடங்குனா மொதல்ல ஒங்க ரெண்டு பேரையும்தான் ஏசுவா" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அறுவை நாளன்று சம்மதக் காகிதத்தைக் கொண்டுவந்த நர்ஸ், மூத்தவள் என்பதால் அம்மாவைப் பார்த்து விளக்கத் தொடங்கினார். "எனக்குச் சொல்லுங்க" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. நர்ஸ் என் பக்கம் திரும்பினார். அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

பச்சைக் கவுனில் சுற்றி மெர்லினை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை அவள் என்னைப் பார்த்தபடி, இடது கண் வழிய வழியக் கையாட்டினாள். கையாட்டுவதை அம்மாதான் அவளுக்குப் பழக்கியிருந்தாள்.

உள்ளே செய்தது இதுதான். கண் முனைத் துளையை விரித்து, மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, குழாய் வழியாக மூக்குவரை இறக்கினார்கள். சவ்வு மட்டும் தடை அல்ல, டாக்டர் முன்பே சொன்னதுபோலக் குழாய் நெடுகக் குறுகியிருந்தது. அதனால் நூல்போன்ற சிலிக்கான் குழாயை மேல் துளை வழியாகவும் கீழ் துளை வழியாகவும் செலுத்தி, இரண்டு முனைகளையும் மூக்குக்குள் முடிச்சிட்டார்கள். வழி மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சில மாதம் அது உள்ளேயே இருக்கும். வெளியே பார்த்தால் கண் முனையில் ஒரு சிறு வளையம் மட்டும் தெரியும்.

அந்தக் கதவுக்கு வெளியே நானும் அம்மாவும் நின்றோம். அவள் ஜெபமாலை உருட்டினாள். நான் உருட்டவில்லை. டாக்டர் வெளியே வந்து, "மூச்சு நல்லா இருக்கு, கண் விழிச்சாச்சு" என்றபோது அம்மா என் கையைப் பிடித்தாள். நான் உதறவில்லை. பிடிக்கவும் இல்லை. பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். மூக்கில் கொஞ்சம் இரத்தம், கண்ணீரிலும் கலங்கலாக. இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு குழாயைப் பிள்ளை பிடித்து இழுத்துவிடாமல் காப்பதுதான் பெரும்பாடு. வளையம் வெளியே வந்துவிட்டால் நீங்களே தள்ளவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்மா பழைய சேலையைக் கிழித்து இரண்டு கைக்கும் சின்னச் சின்னப் பைகள் தைத்துக் கட்டிவிட்டாள். மெர்லின் அதைக் கட்டிக்கொண்டு எல்லோரையும் அடித்தாள்.

ஊர் திரும்பிய முதல் நாள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். பேச்சு வழக்கம்போல நின்றது.

"எனக்க மவளுக்கு டவுன் சிண்ட்ரோம்" என்றேன். "ஒங்களுக்கெல்லாம் தெரியும். இப்பம் எனக்கும் தெரியும். இனி நான் வரும்போ பேச்ச நிறுத்தண்டாம்."

ஒருத்தியின் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. வயதில் மூத்த ஒருத்தி, "ஒனக்க அம்மதான் மக்ளே சொல்லண்டாம்னு காலப் பிடிக்காத கொறையாக் கேட்டா" என்றாள். "நாங்க ஒனக்க நல்லதுக்குத்தான்..."

"நல்லது யாருக்குன்னு என்கிட்டக் கேட்டீங்களா?" என்றேன். குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் நாகர்கோவிலுக்குப் பயிற்சிக்குக் கொண்டுபோகிறேன். தாமதமாகத் தொடங்கியிருக்கிறோம் என்று அங்கே உள்ளவர் சொன்னார். என்னிடம் குற்றம் சாட்டும் குரலில் அல்ல, ஆனால் சொன்னார். ராபினோடு இப்போது பேசுகிறேன். பிள்ளை என்ன சாப்பிட்டாள், எப்படி நிற்கிறாள், அவ்வளவுதான். வரும்போது நேரே பயிற்சி நிலையத்துக்கு வரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் குழாயை எடுத்தார்கள். அதற்கும் சிறிது மயக்கம் கொடுத்தார்கள். மறுநாள் மறுபடி அந்த மஞ்சள் சாயச் சோதனை. சாயத்தைத் தொட்டுவிட்டு, வெளியே காத்திருக்கச் சொன்னார் டாக்டர். சாயம் கண்ணில் நிற்கக் கூடாது, மூக்கில் வந்தால் வழி திறந்திருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருந்தார். அம்மா அப்போது கழிப்பறைக்குப் போயிருந்தாள்.

அதே வராந்தா, அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். அம்மா திரும்பி வந்து மெர்லினை மடியில் வைத்திருந்தாள். திடீரென்று தும்மினாள். இடது மூக்கிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக ஒழுகியது. அம்மா பதறி முந்தானையால் துடைத்தாள். வெளிர்நிறச் சேலையில் சாயம் பளிச்சென்று பிடித்தது.

"இது என்னட்டி?" அவள் முகம் வெளுத்துவிட்டது. சீழ் என்று நினைத்துவிட்டாள். "மறுபடியும் பழுத்துப் போச்சா? சொல்லு மக்ளே. நல்லதா, கெட்டதா?"

எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் தெரிந்தவர் வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு எளிது என்று அந்த இடத்தில் நின்றுதான் கண்டேன். எதுவும் செய்ய வேண்டியதில்லை. டாக்டர் கூப்பிடும்வரை சும்மா இருந்தால் போதும்.

"நல்லதும்மா" என்றேன். "சாயம் மூக்கு வழியா வந்துட்டு. வழி தொறந்துட்டு."

நேராக அவளைப் பார்த்து, பிள்ளையை நடுவில் வைக்காமல் நான் பேசியது வெகு நாட்களுக்குப் பிறகு. மன்னித்துவிட்டதால் சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு வரவில்லை. பிள்ளையைப் பற்றிக் கேட்பவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் சொன்னேன்.

அம்மா சாயம் பட்ட முந்தானையைக் கையில் பிடித்தபடி அழுதாள். மெர்லினும் அவளைப் பார்த்து உதடு பிதுங்கி அழத் தொடங்கினாள். நான் குனிந்து அவள் இடது கண்ணைப் பார்த்தேன். இப்போது அந்தக் கண் நனைந்தால் அவள் அழுகிறாள் என்று அர்த்தம்.